மகளோடு கம்பெனி பார்க்கப் போனேன்

கோவில், குளம், மலை, அருவி என்று போய் வந்ததைத்தான் நம் சகோதரிகள் வழக்கமாக எழுதுவார்கள். நான் போய் வந்ததோ பனியன் கம்பெனிக்கும் கிரைண்டர் பட்டறைக்கும். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் வந்து இத்தனை நாளாகியும் மனசில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பெரிய பெண் திண்டுக்கல்லில் பி.பி.ஏ. கடைசி வருஷம். படிப்பு முடிவதற்குள் நாலு கம்பெனிகளை நேரில் பார்த்து, எந்த வேலை தனக்குச் சரிப்படும் என்று ஒவ்வொரு பெண்ணும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதற்காக 2025 செப்டம்பரில், நவராத்திரிக்கு முந்தின வாரம், திருப்பூருக்கும் கோவைக்கும் இரண்டு நாள் பயணம் ஏற்பாடாயிற்று. இருபத்திரண்டு பெண்கள். கூட வர வேண்டிய இரண்டு ஆசிரியைகளில் ஒருவருக்கு வீட்டில் விசேஷம். அதனால், யாராவது ஒரு அம்மா துணைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். என் பெண் அதை என்னிடம் மூச்சு விடவில்லை! அவள் சிநேகிதியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. படிப்பு முடிந்ததும் பாங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேர்த்துவிடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டி வைத்திருந்தார். பெண்ணுக்கோ திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குப் போக ஆசை. அப்பாவிடம் நேராகச் சொல்லப் பயம். "பனியன் கம்பெனியில பொம்பளப் பிள்ளை என்ன வேலை பார்க்கும்னு நீயே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார் இவர். துணைக்குப் போனேனா, துப்புப் பார்க்கப் போனேனா என்று கேட்டால் இரண்டும்தான்.

காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம். தாராபுரம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்தன. நான் கட்டிக்கொண்டு போன புளியோதரையை, "டயட்" என்று சொன்ன பெண்களும் சேர்ந்து ஒன்பது மணிக்குள் காலி செய்துவிட்டார்கள்.

திருப்பூருக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. ஸ்டேஷன் பக்கம் கொடிகாத்த குமரன் நினைவகத்தைக் கடந்து போனோம். 1932 ஜனவரியில் போலீஸ் அடியில் விழுந்தும் கையிலிருந்த கொடியை விடாத பிள்ளை. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் துணி மூட்டை ஏற்றிய வண்டிகள்தான். இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்துதான் போகிறது என்று ஆசிரியை சொன்னார். நம் வீட்டு ஆண்பிள்ளைகளின் பனியனை இத்தனை வருஷம் அலசிப் பிழிந்து காயப்போட்ட எனக்கு, இதன் பின்னால் ஒரு ஊரே இருக்கிறது என்று தோன்றியதே இல்லை.

முதலில் போன கம்பெனியின் பெயர் வேண்டாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உட்காரப் பஞ்சு நாற்காலி. ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். பிறகு குளுகுளு அறையில் திரை போட்டுப் படம் காட்டினார்கள். பெண்களுக்கு வாய் பிளந்துவிட்டது. எனக்கு அதற்குள் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. ஒரு பெண்ணைக் கேட்டேன். அவள் தையல் பிரிவைத் தாண்டி அழைத்துப் போய்க் காட்டினாள். அத்தனை தையல்காரப் பெண்களுக்கு நாலே கழிப்பறை. அதில் ஒன்று பூட்டு. உள்ளே மாதவிலக்குத் துணி போட ஒரு கூடைகூட இல்லை. போய்வர அட்டை வாங்க வேண்டும், அட்டை இரண்டுதானாம். "அதனாலேயே தண்ணி குடிக்கறதைக் குறைச்சுக்குவோமுங்க்கா" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

சிரிக்கிற விஷயமா இது? தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பும், சிறுநீர்த் தொற்றும் அல்லவா வரும்? திரையில் காட்டிய படத்தில் எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. திரும்பி வந்து என் பெண்ணின் காதில் சொன்னேன். "அம்மா, நாங்க ஆபீஸ் வேலைக்குத்தானே வருவோம்" என்றாள். "ஆபீஸுக்குத் தனி நல்ல பாத்ரூம் இருந்து, தைக்கிற பொண்ணுக்கு இல்லேன்னா, அந்தக் கம்பெனியோட குணம் என்னடி?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் போன இடம் வேறு மாதிரி. கட்டடம் சுமார்தான். முதலாளி என்று தெரியாத அளவுக்குச் சாதாரணமாக ஒரு பெரியவர் வாசலுக்கே வந்து, "வாங்கம்மிணி, சாப்ட்டீங்களா?" என்றார். முதலில் பின்னல் பிரிவு. வட்டமான பெரிய மெஷினைச் சுற்றிலும் நூல் உருளைகள். நடுவில் துணி பாவாடை மாதிரி உருளையாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. சத்தம் காதைப் பிய்க்கிறது. காற்றில் பஞ்சுத் தூசி. வேலை செய்பவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள்.

அங்கே ஒரு வேடிக்கை பார்த்தேன். வட்டமான ஒரு வெட்டுக் கருவியைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகுகிறார்கள். அப்பளம் மாதிரி ஒரு துண்டு வருகிறது. அதைச் சின்னத் தராசில் வைக்கிறார்கள். அந்தத் துண்டு சரியாக 100 சதுர சென்டிமீட்டர். அதன் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. இதைத்தான் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். 180 என்று ஆர்டர் கொடுத்தவனுக்கு 160-ல் அனுப்பினால் சரக்கைத் திருப்பிவிடுவான். கடையில் பனியன் வாங்கும்போது விரலால் தேய்த்துப் பார்த்து "மெலிசா இருக்கே" என்று நாம் சொல்கிறோமே, அதே கணக்குத்தான், தராசில் போட்டிருக்கிறார்கள்.

தையல் பிரிவில் ஓவர்லாக் மெஷின், பேட்லாக் மெஷின் என்று வரிசை வரிசையாக. ஒருத்தி தோள் மட்டும், அடுத்தவள் கை மட்டும், அதற்கடுத்தவள் கழுத்துப் பட்டி மட்டும். முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை. நாலைந்து வரிசைக்கு ஒரு பெரிய நோட்டு தொங்கியது. அதில் ஒடிந்த ஊசிகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துப் பொருத்தி ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லையென்றால் அந்த இடத்துச் சட்டைகள் அத்தனையையும் பிரித்துப் பார்க்கிறார்கள். குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாதாம். எங்கோ முகம் தெரியாத குழந்தைக்கு இத்தனை கவனம்! எனக்கு அந்த நோட்டை விட்டு நகர மனசே வரவில்லை.

மாடியில்தான் என் பெண் ஆசைப்பட்ட வேலை இருந்தது. மெர்சண்டைசர் என்று பெயர். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் படத்தைப் பார்த்து மாதிரிச் சட்டை தைக்க வைத்து, நூல், பின்னல், சாயம், தையல், பெட்டி, தூத்துக்குடித் துறைமுகம் வரை போகும் செலவு எல்லாம் கூட்டி விலை சொல்லி, ஆர்டர் கிடைத்ததும் சரக்கு கப்பல் ஏறும்வரை ஒவ்வொருவர் பின்னாலும் ஓட வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லாரையும் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொள்வாரே, அந்த வேலை. அதைச் செய்துகொண்டிருந்தது இருபத்தேழு, இருபத்தெட்டு வயசுப் பெண் ஒருத்தி. "ஒரு பனியனுக்கு ஐம்பது காசு கணக்கு தப்பினா, லட்சம் பீஸுக்கு அம்பதாயிரம் ரூபா போச்சுங்க. சரக்கு நாள் தவறுச்சுன்னா கப்பல்ல போக வேண்டியது பிளேன்ல போகும். அந்தச் செலவுல லாபமே காணாமப் போயிரும்" என்று விரலை மடக்கிச் சொன்னாள்.

பெண்கள் சம்பளம் எவ்வளவு, பிரமோஷன் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள். அந்த ஊருக்கு அமெரிக்கா முக்கியமான வாடிக்கை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியதும், அவள் கையிலிருந்த இரண்டு ஆர்டர்கள் நின்றுவிட்டனவாம். கூட வேலை பார்த்த இருவரை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். தீபாவளி போனஸ் என்னாகுமோ என்று கீழே தையல் பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். "இந்த வேலை வேண்டாம்னு சொல்லலைங்க. ஆனா எங்கேயோ ஒரு நாட்டுல கையெழுத்துப் போட்டா இங்க மெஷின் நிக்கும். அது தெரிஞ்சுட்டு வாங்க" என்றாள். ராத்திரி பத்து மணிக்கும் போன் வருமாம். அங்கே அப்போதுதான் பகல்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கல்யாணம் ஆயிருச்சாம்மா?" என்று கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் பெண், "ஏம்மா இப்படி மானத்தை வாங்குற" என்று பல்லைக் கடித்தாள். கேட்டது தப்பு என்று எனக்கே உறைத்தது. ஒரு பையன் அந்த நாற்காலியில் இருந்தால் கேட்டிருப்பேனா? ஆனால் அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஆயிருச்சுங்கம்மா. பொண்ணு கீழ கிரச்சுல தூங்கறா, வாங்க காட்டறேன்" என்று அழைத்துப் போனாள்.

கீழே ஒரு நீள அறை. பதினைந்து, இருபது குழந்தைகள். சேலைத் தொட்டில்கள், ஒரு ஆயா, ஒரு அடுப்பு, பால் பாத்திரம். ஆபீஸ் பெண்ணின் குழந்தையும், கைமடிக்கிற பெண்ணின் குழந்தையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில். 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம், பேறுகால விடுப்பு 26 வாரம் என்றெல்லாம் கொண்டு வந்தார்கள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்துச் சுவரில் இன்னொரு பலகை. வேலையிடத்தில் பெண்களிடம் யாராவது தப்பாக நடந்தால் யாரிடம் சொல்வது என்று, கமிட்டியிலுள்ளவர்களின் பெயரும் போன் நம்பரும். 2013-ல் வந்த சட்டத்தின்படி பத்துப் பேர் வேலை செய்தாலே அந்தக் கமிட்டி வேண்டும். காலையில் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தில் இப்படிப் பலகை இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

பாத்ரூமையும் பார்த்தேன். பழசு, ஆனால் சுத்தம். மூடி போட்ட கூடை இருந்தது. அட்டை, கிட்டை எதுவும் இல்லை.

சாயங்காலம் காதர்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது ஆசிரியை ஆற்றைக் காட்டினார். ஒரு காலத்தில் சாயத் தண்ணீர் இதில்தான் போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அதில் சாயக்கழிவு தேங்கி நிலமெல்லாம் உப்பானது. கடைசியில் 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்புறம்தான் உப்பையும் தண்ணீரையும் பிரித்து மறுபடி உபயோகிக்கும் ஏற்பாடுகள் பெருகினவாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் கையில் வைத்திருந்த கலர் பனியனைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கோவை. அங்கே ஒரு கிரைண்டர் பட்டறை. இங்கே நான்தான் பேராசிரியை! கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு, கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்த முதலாளி, "கல்லை எதுக்குக் கொத்தறோம்னு தெரியுமா?" என்று பெண்களைக் கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. "வழுவழுன்னு தேஞ்சு போனா அரிசி வழுக்கிட்டுப் போகும், மாவு அரைபடாம சூடாயிரும்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "சரிங்கம்மா, எங்க கிரைண்டர்ல என்ன குறைன்னு நீங்க சொல்லுங்க" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். பாத்திரத்தைத் தூக்கினால் மணிக்கட்டு போய்விடுகிறது, மாவைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் துண்டுக்குப் பின்னால் உளுந்து அப்பிக்கொள்கிறது, அடியில் தண்ணீர் இறங்கினால் துடைக்கக் கை போகாது என்று வரிசையாகச் சொன்னேன். மனிதர் பேனா எடுத்து எழுதிக்கொண்டார். "மார்க்கெட் ரிசர்ச்சுனா இதுதாம்மா" என்று பெண்களிடம் சொன்னார். பத்தாவதோடு என் படிப்பை நிறுத்திய என் அப்பா இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கு ஓட்டமாகப் போய் வந்தோம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டி ஆரம்பித்தவர். அங்கே ஒரு முழு நாள் வேண்டும், எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி.

கடைசியாக, ஊருக்கு வெளியே ஒரு மகளிர் குழு நடத்தும் நாப்கின் தயாரிக்கும் இடம். கோவை அருணாசலம் முருகானந்தம் தன் மனைவி கந்தல் துணியை உபயோகிப்பதைப் பார்த்து வருத்தப்பட்டு, வருஷக்கணக்கில் ஊரார் கேலியையும் பொறுத்துக்கொண்டு கண்டுபிடித்த மலிவு மெஷின் வகைதான் அங்கே ஓடியது. 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மரக்கூழைப் பஞ்சாக உதிர்த்து, அச்சில் வைத்து அழுத்தி, மெல்லிய துணியில் சுற்றி ஒட்டி, கிருமி போகப் புற ஊதா வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். அவ்வளவுதான். எட்டுப் பெண்கள் சேர்ந்து செய்கிறார்கள். "விக்கிறதுதான் கஷ்டம். கடைக்காரர் வாங்க மாட்டேங்கறார், பெரிய கம்பெனிக்காரன் கமிஷன் ஜாஸ்தி தர்றானாம்" என்றார் குழுத் தலைவி. நம் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் நிறையக் கேள்வி கேட்டார்கள். திண்டுக்கல்லில் தங்கள் கல்லூரி விடுதிக்கு மாதாமாதம் வாங்கலாமா என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

திரும்பும்போது தாராபுரத்தில் டீ குடிக்க இறங்கினோம். இருட்டிவிட்டது. என் பெண் தன் டம்ளரை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த ரெண்டாவது கம்பெனியில ரெண்டு மாசம் பயிற்சிக்கு எடுப்பாங்களாம்மா. அந்த அக்கா பாரம் குடுத்தாங்க. அப்பாகிட்ட நீ கேளேன்."

"ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்னு சொன்னாளே, கேட்டியா?"

"கேட்டேன்."

"ஆர்டர் நின்னு போனதையும் கேட்டியா?"

"அதையும் எழுதி வச்சிருக்கேன். எல்லாம் தெரிஞ்சுதாம்மா கேக்குறேன்." கொஞ்சம் பொறுத்து, "பாத்ரூம் நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீடு வந்து சேர இரவு பதினொன்று. இவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். காதர்பேட்டையில் வாங்கிய பனியன்களைக் கையில் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன், அந்தக் கண்ணாடிக் கட்டடத்தையும் சேர்த்து. வரி விஷயத்தைச் சொன்னபோது, "பாங்க் வேலைக்கு இந்தத் தொல்லை உண்டா?" என்றார். இல்லைதான். நான் மறுத்துப் பேசவில்லை. தொட்டில் அறையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

பாரத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. மடித்துச் சாமி மாடத்தில் வைத்தார். விளக்கை அணைத்த பிறகு, ரொம்ப நேரம் கழித்து, இருட்டில் கேட்டார்:

"அந்த ஊர்ல ஹாஸ்டல் தண்ணி நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? அதை விசாரிச்சியா?"